அடுப்புக்குப் போன தந்தி

ஜூன் 1, சனி

இவருடைய பழைய பாடக் குறிப்பு நோட்டு ஒன்று பாதி வெறுமையாகக் கிடந்தது. இன்றிலிருந்து அதில் எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் நான் நாட்குறிப்பு எழுதியதில்லை. எழுதியிருந்தால் இவர் எடுத்துப் படித்து, எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பித் தந்திருப்பார். இப்போது அந்தப் பயம் இல்லை. இந்த வரியை எழுதிய கையைக் கொண்டே என் கன்னத்தில் ஒன்று வைக்கலாம்.

இவர் என்றால் குற்றாலிங்கம். பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தவர்; அவர்கள் வாயில் குத்தாலிங்கம் சார். ஊரில் திரைப்படக் கழகம் தொடங்கி இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறவர். கண்ணில் பிரஷர் ஏறி, மூன்று வருஷமாக இரண்டு கண்ணும் தெரியாது. அப்படியும் ஒரு படத்தை விட்டதில்லை. மாதம் இரண்டாம் சனிக்கிழமை நூலக மாடியில், கடைசி வரிசையில் உட்கார்ந்து, திரையில் நடப்பதை நான் அவர் காதில் சொல்லிக்கொண்டே இருப்பேன். கேட்டேன் என்று சொல்ல மாட்டார். "படம் பாத்தேன்" என்பார்.

அடுத்த சனிக்கிழமைப் படத்துக்கு அறிவிப்புத் தாள் எழுத வேண்டும். தோசைக்கு அரைக்க வேண்டும்.

ஜூன் 8, சனி

படம் முடிந்து இப்போதுதான் வந்தோம். தொண்டை கட்டிவிட்டது.

எனக்குச் சினிமா ஞானம் கிடையாது. அழுகை வந்தால் நல்ல படம், கொட்டாவி வந்தால் விருது வாங்கிய படம், அவ்வளவுதான் என் கணக்கு. இன்றைக்குப் பார்த்தது இரண்டிலும் சேரவில்லை. பனி கொட்டுகிற ஏதோ ஒரு மலைநாட்டுப் படம். பெயரைத் தமிழில் சொன்னால் 'இருவர் நினைத்த வீடு' என்று வருமாம்.

ஒரு கிழவர். மனைவி போய்விட்டாள். அவர் பழைய நாள்களை நினைத்துப் பார்க்கிறார். இதில் என்ன புதுசு என்றுதான் நானும் உட்கார்ந்தேன். ஆனால் அவருக்கு எது ஞாபகம் இருக்கிறதோ அது மட்டும்தான் திரையில் தெரிகிறது. கல்யாணத்தன்று அவள் கழுத்துப் பாசிமணி மட்டும் ஞாபகம். அதனால் சுவர் கிடையாது, விருந்தாளி கிடையாது, வெள்ளைப் பரப்பில் ஒரு மணிச்சரம் நடந்து வருகிறது. சாப்பிட்ட மேசை மறந்துவிட்டது. கிண்ணங்கள் அந்தரத்தில் நிற்கின்றன. பிற்பாதியில் அதே நாள்கள் அவள் நினைவிலிருந்து வருகின்றன. இப்போது சுவர் இருக்கிறது, சுவரில் மழை ஒழுகிய கறை இருக்கிறது, மூலையில் மாமியார் முறைத்துக்கொண்டு இருக்கிறாள். பெண்பிள்ளைக்கு ஒன்றும் மறக்காது என்பது எடுத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. அழகான படம். இத்தனை அழகாக ஒருவன் மனசுக்குள் புகுந்து பார்க்கலாமா என்று கோபம்கூட வந்தது.

வசனம் குறைவு, அதனால் என் வாய்க்கு ஓய்வில்லை. ஓர் இடத்தில் அவள் அடுப்பின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கிழவர் நினைவில் அடுப்பும் தீயும் இரண்டு கைகளும் மட்டும்தான். "குளிர் காயுதா" என்று சொன்னேன். கடைசியில் அதே இடம் அவள் நினைவில் வந்தது. அதற்கும் "குளிர் காயுதா" என்றேன். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது, சொல்லவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

காலையிலிருந்து படப் பேச்சுதான். பல் தேய்க்கும்போதும், சாப்பிடும்போதும். மூன்று வருஷத்தில் இவர் முகத்தை இப்படிப் பார்த்ததில்லை.

"அந்த அடுப்பு சீனை இன்னொரு தடவ சொல்லு."

"எத்தனை தடவ சொல்லுதது? அடுப்பு, தீ, ரெண்டு கை."

"ரெண்டாவது தடவையும் அதேதானா?"

"அதேதான்."

"என்ன மனுசன்யா எடுத்தவன்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். நான் கூழ்வற்றலைத் திருப்பிப் போட மொட்டைமாடிக்குப் போனேன். ஏற்கெனவே திருப்பிப் போட்டிருந்தேன்.

ஜூன் 12, புதன்

மகள் சிவகாமி ஓசூரிலிருந்து பேசினாள். ஜூலை பத்து அவள் கல்யாண நாள். இந்தத் தடவை மாப்பிள்ளையும் அவளும் இங்கே வருகிறார்களாம். "அப்பா கண்ணு நல்லா இருந்தப்ப கடைசியா பாத்தது என் கல்யாணத்தைத்தானேம்மா" என்றாள். பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மாலையில் இவருக்கு முடி வெட்ட ஆட்டோவில் போனோம். தபால் நிலையத்துப் பக்கமாகச் சுற்றிப் போகச் சொன்னேன். இவருக்குக் கண் போனாலும் திருப்பம் தப்பாது.

"கண்ணாஸ்பத்திரித் தெரு வழியா போனா அஞ்சு நிமிசம். எதுக்குச் சுத்திப் போவுத?"

"அங்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான்."

"மூணு வருசமாவா தோண்டுதான்?"

ஆட்டோக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

படம் பார்த்த சூட்டிலேயே பேசினால் வாயில் வருவதெல்லாம் கருத்தாகிவிடும் என்பது இவர் கொள்கை. கழகத்தில் அதனால் ஒரு விதி: பார்த்து எட்டு நாள் ஆறப்போட்டுத்தான் பேச வேண்டும். இன்று பேச்சு. இருபது பேர் வந்திருந்தார்கள்.

இவர் எழுந்து நின்று அரை மணி நேரம் பேசினார். அந்தக் காலத்தில் வகுப்பெடுத்த குரல். எந்தக் கிண்ணம் எங்கே அந்தரத்தில் நின்றது, எந்தச் சுவர் எப்போது வந்தது, எல்லாம் கண்ணால் கண்டவர்களைவிடத் துல்லியமாகச் சொன்னார். எல்லாம் நான் சொன்னது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். பிறகு அடுப்புக்கு வந்தார்.

"இந்தப் படத்தில் கிழவருடைய நினைவும் அவளுடைய நினைவும் ஒரு தடவைகூடப் பொருந்துவதில்லை. அந்த அடுப்பங்கரையில் மட்டும் பொருந்துகிறது. அவருக்கும் அதே தீ, அதே கை. அவளுக்கும் அதே தீ, அதே கை. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாத அந்த ஒரு கணத்தைத்தான் இந்த இயக்குநர் காதல் என்கிறார்."

யாரும் கைதட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜெபமணிதான் வாயைத் திறந்தாள். கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை. சாட்சி இருமினால் இருமினார் என்று எழுதுகிற ஆள்.

"சார், ரெண்டாவது தடவ அவ கையில தந்தி இருந்துதே. அவரோட அம்மா சாகக் கெடக்காங்கன்னு வந்த தந்தி. அதை அடுப்புல போட்டுட்டுத்தானே கைய நீட்டிக்கிட்டு நிக்கா. அவ நிறைமாசம், அவர் ஊருக்குக் கெளம்பிட்டா பனியில தனியா கெடக்கணுமேன்னு. கடைசி வரைக்கும் அவர் 'எனக்கு யாரும் சொல்லல'ன்னுதானே சொல்லுதாரு. அதுதானே சார் படமே?"

இவர் இரண்டு கண்ணையும் கூரைப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார்.

"எங்க வீட்டுக்காரி அந்த நேரம் பாத்துக் கண் அசந்திருப்பா. நாள் முழுக்க வேலை பாக்கா, பாவம்."

எல்லோரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். இருபது பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன். அவரோ என்னைக் காப்பாற்றிவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "கண் அசந்துட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமா" என்றேன்.

ஜூன் 17, திங்கள்

தூங்காத கண்ணைத் தூங்கியது என்று சொல்லியாகிவிட்டது. அரிசி களைந்தேன், கீரை ஆய்ந்தேன்.

ஜூன் 20, வியாழன்

ஜெபமணியிடம் போனில் அந்தக் காட்சியை மூன்று தடவை கேட்டுக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கழகத்து மலருக்கு ரசனைக் கட்டுரை சொன்னார். நான் எழுதினேன். இப்படித் தொடங்கியது:

'படத்தின் உயிரான இடத்தில் என் மனைவி கண்ணயர்ந்துவிட்டார். அதனால் எட்டு நாள் நான் வேறொரு படத்தைக் காதலித்துக்கொண்டிருந்தேன்.'

எழுதினேன். இரண்டு பக்கம் போனது. அந்தரக் கிண்ணங்களைப் பற்றி எத்தனையோ அழகாகச் சொன்னார். ஒரு மனிதனுக்குத் தெரியாமல்போனதைத் தெரியாமல்போனதாகவே திரையில் காட்டுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்றார். பிறகு சொன்னார்.

'தந்தியை எரித்த அன்றைக்கு அவளை மன்னித்துவிடலாம். நிறைமாதக்காரி, வெளியே பனி, பயந்துபோயிருப்பாள். மறுநாள் காலை அவருக்குக் காப்பி கொடுத்தாளே, அன்றைக்கும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. அந்தக் காப்பி கொடுத்த நாள்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.'

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"முழுசா ஒரு தடவ வாசி."

வாசித்தேன். கடைசிப் பத்திக்கு வந்தேன். மன்னிக்க முடியவில்லை என்ற வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

"ஒரு வரிய விட்டுட்ட."

தாளின் ஓரத்தை நீவிவிட்டேன்.

"வடிவு. படத்துலயும் நீ கண் அசரல, என்ன?"

தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, கொடுத்து என்ன பயன் என்று திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். "சொல்ல முடியுதப்ப சொல்லு" என்றார்.

ஜூன் 21, வெள்ளி

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன்.

இதைத்தான் மூன்று வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இன்றைக்கு எழுதிப் பார்த்தேன். எழுதியதும் அந்த நியாயம் நிற்கவில்லை.

ஜூன் 22, சனி

பகல் பதினொன்றரைக்குச் சொன்னேன். சோற்றை வடித்து இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"அழாத. நீ அழுதா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். "படம் சொல்லுத மாதிரி சொல்லு. எந்த இடம், யாரு யாரு இருக்கா, என்ன செய்யுதா. எதையும் விடாத."

அப்படியே சொன்னேன்.

"இங்கத்த கண்ணாஸ்பத்திரி. காலம்பற. டாக்டர் ரூம். ஜன்னல்ல பச்சைத் திரை, மேசையில பாதி குடிச்ச டீ. டாக்டர் ஒல்லியா, மூக்குக்கண்ணாடியைக் கையில வச்சுக்கிட்டு இருக்காரு. எதிர்ல ஒரு பொம்பளை. காப்பிப்பொடிக் கலர் சேலை. மடியில உங்க ரிப்போர்ட்டு."

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"இடது கண்ணு போயிட்டுதுன்னு சொல்லுதாரு. வலது கண்ணை இந்த வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணினா இருக்கிறதைக் காப்பாத்தலாம், ஒவ்வொரு நாளும் போறது போறதுதான்னு சொல்லுதாரு. பண்ணினா ஒரு மாசம் குனியக் கூடாது, புகை படக் கூடாது, கூட்டத்துக்குள்ள போகக் கூடாது."

"அவ என்ன செய்யுதா?"

"விரல் விட்டு எண்ணுதா. சிவகாமி கல்யாணத்துக்கு இருபத்திமூணு நாள் இருக்கு. ஆனி மாசக் கடைசி முகூர்த்தம். விட்டா ஆடி, ஆடியில யாரும் கல்யாணம் வைக்க மாட்டாவ. ஆவணி வரைக்கும் தள்ளிப்போட்டா, மாப்பிள்ளை வீட்டுக்காரவ பொண்ணு வீட்டுல அபசகுனம்னு பின்வாங்கிருவாவளோன்னு யோசிக்கா. அப்பா இல்லாம யாரு ஓமத்துக்கு முன்னால உக்காந்து தாரை வாப்பாங்கன்னு யோசிக்கா. இருபத்திமூணு நாளுதானே, அதுக்குள்ள என்ன ஆயிரப்போவுதுன்னு நெனைக்கா."

"மொகம் எப்படி இருக்கு?"

"பயந்துபோயிருக்கு. கதவுக்கு வாறதுக்குள்ள சரிபண்ணிக்கிடுதா."

"வெளிய வந்து?"

"மருந்தை விடாம போடச் சொன்னாரு, கல்யாணம் முடிஞ்சு வந்தா போதும்னாரு, அப்படிங்கா. கல்யாணம் முடிஞ்சதும் அந்த டாக்டர்ட்ட போகாம மதுரைக்குக் கூட்டிட்டுப் போறா. அன்னைக்கே சொன்னேனேன்னு அந்த டாக்டர் சொல்லிருவாருன்னு."

இவர் கை நாற்காலியின் பிடியைப் பிடித்திருந்தது. விரல் வெளுத்திருந்தது. அதையும் சொல்லலாமா என்று தோன்றியது, சொல்லவில்லை.

"நான் எங்க இருக்கேன் இதுல?"

அதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வெளிய வராந்தா பெஞ்சுல. 'நீ போயி என்ன சொல்லுதாருன்னு கேட்டுட்டு வா, நான் இதை முடிச்சிருதேன்'னு எங்கிட்ட சொல்லிட்டு உக்காந்திருக்கிய. மடியில பரீட்சை அட்டை. கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதிக்கிட்டு இருக்கிய."

நாற்காலிப் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கையெழுத்து எப்படி இருந்துது?"

"கோடு போட்ட தாள்ல எழுதின மாதிரி நேரா இருந்துது."

"அப்போ நல்லா தெரிஞ்சிருக்கு" என்றார்.

சோறு ஆறிப்போனது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டினால் தேவலை. ஞாயிறு காலை நான் கொடுத்த காப்பியைக் கையில் வாங்கி, வெகுநேரம் வைத்திருந்துவிட்டு அப்படியே கீழே வைத்தார். நேற்றும் அப்படி. இன்று குடித்தார்.

ஜூலை 10, புதன்

சிவகாமியும் மாப்பிள்ளையும் வந்து இரண்டு நாள் ஆகிறது. வீடு நிறையச் சத்தம். அவளிடமும் சொல்லிவிடட்டுமா என்று நேற்று அடுப்படியில் இவரிடம் கேட்டேன். பதினேழு நாளில் என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் அப்போதுதான் பேசினார்.

"அவட்ட சொல்லாத. எங் கல்யாணத்தாலதான் அப்பாவுக்குக் கண்ணு போச்சுன்னு அந்தப் பிள்ள ஆயுசுக்கும் நெனைக்கும். இது உனக்கும் எனக்கும்."

இன்று மத்தியானம் பாயசம் குடித்துக்கொண்டே, அவள் கல்யாணத்தில் எந்தெந்தப் பந்தி எப்படி இருந்தது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தார். என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. புழக்கடையில் போய் அழுதேன். அவர் சத்தம் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் நான் இத்தனை சிறுத்துப்போயிருக்க மாட்டேன்.

ஜூலை 13, சனி

இரண்டாம் சனிக்கிழமை. படத்துக்குப் போனோம். மலர் வந்திருந்தது, இவர் கட்டுரைதான் முதல். கண்ணயர்ந்ததாகச் சொன்ன முதல் வரியை இவர் மாற்றச் சொல்லவில்லை. நாலு பேர் என்னிடம் வந்து கட்டுரையைப் பாராட்டி, "நல்லா தூங்கி எழும்பிட்டு வந்தியளா இன்னைக்கு?" என்று கேலி செய்தார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் ஜெபமணியைக் கூப்பிட்டார். "நீ வந்து இப்படி உக்காரும்மா. இன்னையில இருந்து படம் நீ சொல்லு. வடிவுக்குத் தொண்டை சரியில்ல."

ஜெபமணி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் சாட்சியம் பதிகிறது போலச் சொன்னாள். "பெண் வருகிறாள். கதவைத் திறக்கிறாள். அழுகிறாள். இப்போது அழவில்லை." இவர் நடுவில், "எதுக்கு அழுதா?" என்று கேட்டார். "அதைப் படத்துல சொல்லல சார்" என்றாள். எதற்கு அழுதாள் என்று எனக்குத் தெரிந்தது, அவள் முகத்திலேயே இருந்தது. இவரும் என் பக்கம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

முடிந்து படியிறங்கி வந்தோம். ரோட்டைக் கடக்க வழக்கம்போல என் தோளில் கை வைத்தார். அந்தக் கை வந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு வண்டியும் இல்லை.

"ஒண்ணும் வரல, வாங்க" என்றேன்.

அவர் வரவில்லை. தோளில் வைத்த கையை எடுக்காமலே, தலையை வலது பக்கம் திருப்பி, வண்டிச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். பிறகு இடது பக்கம் திருப்பிக் கேட்டார். அதன் பிறகுதான் காலை ரோட்டில் வைத்தார்.